பல் எடுத்து முடியும் வரை

லிப்ட் மெக்கானிக்கின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய நேரத்தில் அவர் ஊரின் மறுகோடியில் ஒரு மாடி அறையில் நின்று, அங்கே குடியிருந்தவர்களின் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். பல் டாக்டரின் நாற்காலியிலும் அவர்தான் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார். அதை டாக்டரும் அவருடைய மகளும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாடி அறையில் அவரைப் பார்த்தவர் அங்கே வாடகைக்கு இருந்த பேக்கரிக்காரர். இரவெல்லாம் அடுப்பருகே நின்று ரொட்டி சுட்டுவிட்டுக் காலையில் வீடு திரும்பிப் படுப்பவர் அவர். கதவைத் திறந்தபோது, அறுபதை நெருங்கிய ஒருவர் செருப்பில்லாமல் நின்று தன்னுடைய சட்டையை மடித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். திருட வந்தவன் துணி மடிக்க மாட்டான் என்று தோன்றியதால் கூச்சல் போடவில்லை. யார் நீங்க என்று மட்டும் கேட்டார். "பல்லு எடுத்துட்டிருக்காங்க," என்றார் வந்தவர், வெகு சாதாரணமாக. "முடிஞ்சதும் போயிடுவேன்." சொன்னபடியே, அடுத்த சட்டையின் கையை உள்ளே மடிக்கும்போது அவர் அங்கே இல்லை. பாதியில் நின்ற மடிப்பைப் பேக்கரிக்காரர் தானே முடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கினார்.

அந்த ஊரில் அது அப்போது புதிய விஷயமல்ல. டாக்டரும் முன்பெல்லாம் எல்லாரையும் போல ஊசி போட்டுத்தான் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஊசியைப் பார்த்ததும் எழுந்து ஓடியவர்கள் நிறைய. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவர் வாயில் வைத்த பஞ்சோடு ஓடிப்போய், இரண்டு தெரு தள்ளி டீக்கடையில் நின்று, பஞ்சை எடுக்க மறந்து டீ குடித்ததைப் பலர் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அந்தப் பல் உள்ளுக்குள் சீழ் பிடித்து, தாடையெலும்பு வரை இறங்கி, மாஸ்டர் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். வலிக்குப் பயந்து வருகிறவர்களை அதைவிடப் பெரிய வலியைக் காட்டி விரட்டுகிறோமே என்று டாக்டருக்குத் தோன்றிவிட்டது. கிளினிக்கைப் பூட்டிவிட்டு வேறு நகரத்துக்குப் போய், சில மாதங்கள் தங்கி மனோவசியம் கற்றுக்கொண்டு வந்தார். வந்ததும் வாசல் போர்டில் 'மனோவசிய முறையில் வலியில்லாத பல் சிகிச்சை' என்று ஒரு வரி சேர்த்தார். ஓடிப்போன புருஷனைத் திரும்ப வரவழைக்க முடியுமா என்று கேட்டு வந்த பெண்கள்தான் முதல் மாதத்தில் அதிகம். கணவனை மயக்கத்தில் வைத்துச் சனிக்கிழமைகளில் எங்கே போகிறார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்று ஒரு ஆசிரியை வந்தார். டாக்டர் எல்லாரையும் உட்கார வைத்து ஒரே விஷயத்தைச் சொன்னார். இது மயக்கமுமில்லை, தூக்கமுமில்லை. நான் பேசுவது கடைசி வரை உங்களுக்குக் கேட்கும். உங்களுக்கு வேண்டாம் என்றால் நான் தலைகீழாக நின்றாலும் எதுவும் நடக்காது. பெண்களில் பாதிப் பேர் ஏமாற்றத்தோடு எழுந்து போனார்கள். மீதிப் பேர் வந்ததுதான் வந்தோம் என்று பல்லைக் காட்டினார்கள்.

டாக்டரின் குரலில் விசேஷம் ஒன்றும் கிடையாது. கொஞ்சம் கரகரப்பான குரல், சளி பிடித்த மாதிரி. நாற்காலியில் சாய்ந்தவர்களை விட்டத்திலிருந்த ஓர் ஈரக்கறையைப் பார்க்கச் சொல்வார். மூச்சை இழுத்து விடச் சொல்வார். இமை கனக்கிறது என்பார், கனக்கும். ஒரு நீளமான படிக்கட்டில் மெல்ல இறங்கச் சொல்வார். பிறகு வலது கை மரத்துப்போகிறது, பனிக்கட்டிக்குள் வைத்த மாதிரி இருக்கிறது என்பார். அந்தக் கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வார். கையிலிருந்த மரப்பு கன்னத்துக்குள் இறங்கி ஈறு வரை போய்ச் சேரும். அதன் பிறகு, கொஞ்சமும் பயமில்லாமல் நீங்கள் இருந்த ஒரு இடத்துக்குப் போங்கள் என்பார். எந்த இடம் என்று கேட்க மாட்டார். வேலை முடிந்ததும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுவார். ஐந்தில் கண் திறந்துவிடும். போங்கள் என்று சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் நிஜமாகவே போய்விடுகிறார்கள் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிய வந்தது. பத்திர ஆபீஸ் பதிவாளர் நாற்காலியிலிருந்து எழுந்தபோது பேண்ட் முழங்கால் வரை நனைந்து, உப்புப் பூத்திருந்தது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் துணிந்து மறுபடி வந்த அன்று அவரைத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் பார்த்தார்கள். வகுப்பு டீச்சர் அவருக்கும் வருகை போட்டு, மறுநாள் வராததால் பெயரை அடித்துவிட்டார். கொஞ்ச காலம் இதைப் பற்றிப் பேச்சாக இருந்தது. பிறகு மருந்துக் கடையில் வலி மாத்திரை முன்போல விற்பதில்லை என்பதுதான் பேச்சாக இருந்தது.

லிப்ட் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தது அவருடைய மகள். அவள் அந்த மருந்துக் கடையில்தான் வேலை பார்த்தாள். மெக்கானிக் இருபது மாடிக் கட்டடத்தின் லிப்ட் குழிக்குள் ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, வாயில் ஸ்பேனரைக் கவ்வியபடி வேலை செய்கிறவர். அவரைப் பயமுறுத்த இந்த உலகத்தில் ஒன்றுமில்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் நம்பினார்கள். பல் டாக்டர் என்ற பேச்சை எடுத்தால் மட்டும் அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். சின்ன வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த பல் முகாமில் நாலு பேர் கைகால்களை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, ஒருவர் முட்டியை நெஞ்சில் ஊன்றி அவர் பல்லைப் பிடுங்கியிருந்தார். அது போதாதென்று, பின்னாளில் ஒருமுறை மரத்துப்போகும் ஊசி போட்டதில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டிவிட்டது. அதனால் கடைவாய்ப் பல் கெட்டுக் கன்னம் வீங்கி ஒரு கண் மூடிக்கொள்கிற அளவுக்கு வந்தும், தனியாக இருந்த அந்த மனிதர் கஞ்சி குடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க வந்த மகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரை இழுத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் அவரைப் படிக்கட்டில் இறங்கச் சொன்னபோது அவர் ஒரு கண்ணைத் திறந்து, "லிப்டுல போகலாமா?" என்று கேட்டார். போகலாம் என்றார் டாக்டர். அதுவரை அந்த நாற்காலியில் யாரும் அவ்வளவு சீக்கிரம் கீழே போனதில்லை.

அவர் போய்ச் சேர்ந்த மாடி அறை, கல்யாணமான புதிதில் அவரும் மனைவியும் குடியிருந்த அறை. ஒரே ஜன்னல், ஒரு மூலையில் அடுப்பு, மழை வந்தால் துணி காயாது. மகள் பிறந்ததும் வேறு வீட்டுக்கு மாறி, அதன் பிறகு இன்னும் பெரிய வீட்டுக்கு மாறி, ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு மின்விசிறி என்று வசதி ஏற ஏற இருவருக்கும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பகலெல்லாம் முன்பின் தெரியாதவர்களோடு பேசிவிட்டு வந்தால் வீட்டில் பேச ஆளில்லை. மெக்கானிக் கெட்டவரில்லை, ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் எங்கிருந்தாவது லிப்ட் நின்றுவிட்டதென்று போன் வந்துவிடும், எழுந்து போய்விடுவார். மனைவியின் அம்மா இறந்த அன்றைக்கும் அப்படித்தான். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஆட்களோடு லிப்ட் நடுவில் மாட்டிக்கொண்டது. அதைக் கையால் இறக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அடக்கமெல்லாம் முடிந்து, எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தபோது கிரீஸ் படிந்த சட்டையோடு உள்ளே வந்தார். அழுது ஓய்ந்திருந்த மனைவியைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, டார்ச் லைட் எங்கே என்பது. மனைவி எழுந்து போய் டார்ச்சை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். அந்த வாரமே மனைவி ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் ஒரு வீடு கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒன்பது வருஷமாகிவிட்டது. விவாகரத்து வாங்கவில்லை, அதற்கு இருவரும் ஒரே நாளில் ஒரே கட்டடத்துக்கு வரவேண்டியிருந்தது. மகள் இரண்டு வீட்டுக்கும் போய்வந்தாள். அப்பா எப்படி இருக்கார் என்று அம்மா கேட்டால் இருக்கார் என்பாள். அம்மா எப்படி இருக்கா என்று அப்பா கேட்டால் அதையேதான் சொல்வாள்.

மெக்கானிக்குக்குப் பல் எடுத்த மறு வருஷம் அவர் மனைவி ஆபரேட்டரம்மாவுக்கும் பல் வலி வந்தது. இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் ஊசி வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வலியைவிட அவருக்குப் பெரிய பயம் வேறொன்று: வாயைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேச முடியாமல் படுத்திருப்பது. மகள் அவரையும் டாக்டரிடமே கூட்டிவந்தாள். கூட்டிவந்த கதையை அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா வந்து போன கதையை அம்மாவிடமும் சொல்லியிருக்கவில்லை. முதல் நாள் சொத்தையைச் சுத்தம் செய்வதுதான் வேலை. டாக்டர் போங்கள் என்றதும் ஆபரேட்டரம்மா போனார். பேக்கரிக்காரரின் மனைவி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. மாடி அறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலருகே ஒரு அம்மாள் நின்று கொக்கியை ஆட்டிப் பார்ப்பதைக் கண்டு நிமிர்ந்தாள்.

"இதைத் தூக்கிட்டு இழுக்கணும்," என்றார் ஆபரேட்டரம்மா. "சும்மா இழுத்தா வராது."

"நாங்க குடிவந்ததிலேருந்து அந்த ஜன்னலைத் திறந்ததே இல்லை," என்றாள் அவள். பிறகு, "உங்களுக்கும் பல்லா?" என்று கேட்டாள்.

"உங்களுக்கும்னா?"

"போன வருஷம் ஒருத்தர் வந்தாருங்க. வந்தவர் பாட்டுக்கு எங்க துணியையெல்லாம் மடிச்சுட்டுப் போனார். கையை உள்ள விட்டு, கவர் மாதிரி மடிக்கிறார். எங்க வீட்டுக்காரர் அதைப் பார்த்துட்டு இப்ப அப்படித்தான் மடிக்கிறார்."

ஆபரேட்டரம்மா ஜன்னலை விட்டுவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்படிச் சட்டை மடிக்கிறவர் ஒருவரைத்தான் அவருக்குத் தெரியும். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சொன்னபோது அந்த மனிதர் வந்து நின்றிருக்கும் இடம் இது. வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். ஒண்ணும் சொல்லலைங்க, பேசற ஆளா தெரியலை என்றாள் பேக்கரிக்காரரின் மனைவி. ஆமாம் என்றார் ஆபரேட்டரம்மா. அதற்குள் அங்கே டாக்டர் எண்ணி முடித்துவிட்டார்.

பேக்கரிக்காரரின் மனைவி அந்த வாரமே விசாரித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். சண்டைக்கு வரவில்லை. வருகிறவர்கள் வரட்டும், ஆனால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் நல்லது, கொடியில் எல்லாத் துணியும் காயப் போட்டிருக்கிறது என்றாள். டாக்டர் மன்னிப்புக் கேட்டு, அவளுடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, சும்மா வந்தவளின் பல்லையும் பார்த்து அனுப்பினார்.

ஆபரேட்டரம்மா அடுத்துச் செய்த காரியம் அவர் தொழில் சம்பந்தப்பட்டது, இரண்டு லைன்களை இணைக்கிற வேலை. மகளிடம் பேச்சுவாக்கில், உங்கப்பா பல்லெல்லாம் எப்படி இருக்கு என்று கேட்டார். மகள் வாய்தவறி, அப்பாவுக்கு வர்ற வியாழக்கிழமை ரூட் கெனால் என்று சொல்லிவிட்டாள். கிளினிக்கில் இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு பச்சைத் திரை. ஒருவருக்கு மருந்து வைத்துக் காத்திருக்கும் நேரத்தில் டாக்டர் சக்கர ஸ்டூலில் உருண்டு அடுத்தவரிடம் போவார். ஆபரேட்டரம்மா கிளினிக்குக்குப் போன் செய்து, ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் பேசுகிற குரலில், என்னுடைய பல்லை வியாழக்கிழமை அதே நேரத்துக்கு எடுத்துவிடுங்கள் என்றார். எதற்கு அதே நேரம் என்று டாக்டருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் குரலில் சொன்னால் யாருக்கும் தோன்றாது. முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற நினைவு வந்து, டாக்டர் மாடி அறைக்கு மட்டும் தகவல் சொன்னார்.

மெக்கானிக் முதலில் போயிருந்தார். ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் மனைவி வந்து நின்றார். கட்டிலில் பேக்கரிக்காரர் மாவு ஒட்டிய கைகளோடு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். அதனால் பத்து வருஷத்துக்குப் பிறகு இருவரும் பேசியது ரகசியம் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது.

"நீ எப்படி இங்க?" என்றார் மெக்கானிக்.

"கீழ்ப் பல்லு. உங்களுக்கு ரூட் கெனால்தானே?"

அவர் தலையாட்டினார். பக்கத்து நாற்காலியில் நான்தான் இருக்கேன் என்றார் மனைவி. அவர் சுவரைப் பார்த்தார், அங்கே பச்சைத் திரை இருக்கிற மாதிரி. இளைத்துட்டீங்க என்றார் மனைவி. கஞ்சி என்றார் அவர். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். முன்பு வெறும் மனையாக இருந்த இடத்தில் நாலு மாடி எழும்பியிருந்தது. அந்தக் கட்டடத்துக்கு லிப்ட் போட்டது தான்தான் என்று அவர் சொன்னார். அப்போதும் இந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்ததாகவும் சொன்னார். அது அவரைப் பொறுத்தவரை நீளமான பேச்சு. மனைவிக்குத் தைரியம் வந்தது.

"அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்து எல்லாரும் உக்காந்திருந்தோம். நீங்க வந்தீங்க. ஒரு வார்த்தை பேசலை, என் பக்கத்துல வந்து உக்காரலை, டார்ச் எங்கன்னு கேட்டீங்க. இத்தனை வருஷமா எனக்கு அது ஒண்ணுதான். எதுக்குங்க அந்த டார்ச்?"

மெக்கானிக் அவரைத் திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "டார்ச் எதுக்குன்னா," என்று ஆரம்பித்தார். அந்த நேரத்தில் ஊரின் இந்தக் கோடியில் டாக்டர் ஐந்து என்றார்.

கண் விழித்த மெக்கானிக் நாற்காலியில் துள்ளி எழுந்து உட்கார்ந்து எதையோ சொல்லப் பார்த்தார். நாக்கு புரளவில்லை. சிகிச்சைக்குப் பிறகு வலி தெரியாமலிருக்க, சாயங்காலம் வரை கன்னமும் நாக்கும் மரத்தே இருக்கட்டும் என்று எண்ணத் தொடங்கும் முன்பே டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். டாக்டர் அதற்குள் திரையின் மறுபக்கம் உருண்டு போய்விட்டார். ஆபரேட்டரம்மாவின் பல் நல்லபடியாக வந்துவிட்டது. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லி, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணினார். ஆபரேட்டரம்மா கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி எண்ணினார். நாடி சீராக இருந்தது, மூச்சு சீராக இருந்தது, ரத்தம் நின்றிருந்தது. திறக்க வேண்டிய கண் மட்டும் திறக்கவில்லை. போனவர்கள் திரும்பி வராமல் இருந்ததே கிடையாது என்று டாக்டர் அதுவரை எத்தனையோ பேருக்குச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். காத்திருந்தவர்களை வேறொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டு ஆபரேட்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்து, மெல்லவும் சத்தமாகவும் கெஞ்சலாகவும் எண்ணிப் பார்த்தார். வெளியே உட்கார்ந்திருந்த மகள் உள்ளே வந்து, இரண்டு நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்து, "அம்மாவை எழுப்புங்க டாக்டர்," என்றாள். மதியம் திரும்பியதும் டாக்டர் மாடி அறைக்குப் போன் செய்தார்.

"இங்கதான் இருக்காங்க டாக்டர்," என்றாள் பேக்கரிக்காரரின் மனைவி. "நீங்க கூப்பிடறது கேக்குதாம். வரமாட்டேங்கறாங்க."

"ஏனாம்?"

"அந்த ஐயா பாதிப் பேச்சுல போயிட்டாராம். எப்பவும் இதே வேலையாம். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும், அப்புறம் வர்றேங்கறாங்க. சாப்பிடுங்கன்னா, வாயில பஞ்சு இருக்காமே, அதுவும் வேணாங்கறாங்க."

டாக்டர் போனை மெக்கானிக்கின் காதில் வைத்தார். அவர் பேசிப் பார்த்தார். மரத்த வாயிலிருந்து வந்த சத்தம் போனில் வெறும் காற்றாகப் போனது. நாற்காலியில் சாய்ந்து படுத்துக்கொண்டு, மறுபடி அனுப்புங்க என்று கையால் காட்டினார். டாக்டர் ஈரக்கறையைப் பார்க்கச் சொன்னார், மூச்சை விடச் சொன்னார், கை மரத்துப்போகிறது என்றார். ஒன்றும் மரத்துப்போகவில்லை. அவருக்கு இப்போது பல்லைப் பற்றிய பயம் துளியும் இல்லை. வேறு பயம் இருந்தது, அதற்கு டாக்டரிடம் வைத்தியமில்லை. மறுபடி முயன்றும் அதே கதைதான். மெக்கானிக் எழுந்து, கழுத்தில் கட்டியிருந்த நீலக் காகிதத்தைக்கூட அவிழ்க்காமல் செருப்பை மாட்டினார். "எங்கப்பா போறீங்க?" என்றாள் மகள். அவர் கையை ஸ்டீயரிங் மாதிரி சுற்றிக் காட்டினார். பஸ்.

கழுத்தில் நீலக் காகிதத்தோடு அவர் பஸ்ஸில் ஏறியதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். கண்டக்டர் எங்கே என்று கேட்டதற்கு அவரால் இடத்தின் பெயரைச் சொல்ல முடியவில்லை. விரலை மேலே தூக்கித் தூக்கிக் காட்டினார். கண்டக்டர் அதைக் கடைசி நிறுத்தம் என்று எடுத்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார். பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற பஸ். அவர் உட்காரவில்லை. வழியெல்லாம் படியருகே நின்று, உதட்டை அசைத்து அசைத்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கியதும் ஓடினார். அந்த வீட்டுக்கு லிப்ட் இல்லை. படிகளில் நின்று நின்று மூச்சு வாங்கி ஏறினார். கதவைத் திறந்துவிட்ட பேக்கரிக்காரர், உள்ளே போங்க, அப்படியே உக்காந்திருக்காங்க என்றார்.

மனைவி கட்டிலின் ஓரத்தில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் எதிரே போய் நின்றார். பேசினார். தலையணைக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"என்ன சொல்றார்?" என்று பேக்கரிக்காரர் தன் மனைவியிடம் கேட்டார்.

"எனக்குப் புரியுது," என்றார் ஆபரேட்டரம்மா.

அவருக்குப் புரிந்தது இதுதான்: "அம்மாவைப் பாக்கத்தான் டார்ச். எல்லாரும் மண்ணு போட்டுட்டு வந்துட்டீங்க, நான் போடலை. இருட்டிட்டு வந்துச்சு. புதுசா மூடின இடம் எதுன்னு பாக்கணுமே."

"போனீங்களா?"

"போனேன். விடியற வரைக்கும் அங்கதான் இருந்தேன்."

"நான் லிப்டுக்குத் திரும்பிப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

"லிப்ட் சாயங்காலமே சரியாயிடுச்சு."

பேக்கரிக்காரரின் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் ஆபரேட்டரம்மா.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ டார்ச்சைக் குடுத்துட்டு உள்ள போயிட்டே." அவர் கொஞ்சம் நிறுத்தி, நாக்கைப் புரட்டி, மீதியையும் சொன்னார். "பின்னாடியே வந்து சொல்லியிருக்கணும்."

"சரி," என்றார் ஆபரேட்டரம்மா.

கட்டில் காலியாக இருந்தது. ஊரின் இந்தக் கோடியில், எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்த டாக்டரின் பிடியிலிருந்து ஒரு மணிக்கட்டு விலகியது. ஆபரேட்டரம்மா எழுந்து உட்கார்ந்து பஞ்சைத் துப்பினார். மகள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "உங்கப்பாவுக்கு இந்த நேரத்துல பஸ் கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைத்தது, ஆனால் தாமதமாக. பேக்கரிக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது அவரை நிறுத்தம் வரை கூட்டிவந்து ஏற்றிவிட்டார். டாக்டர் அன்று கிளினிக்கை மூடாமல் விளக்கைப் போட்டு வைத்துக் காத்திருந்தார். மெக்கானிக் உள்ளே வந்ததும் ஆபரேட்டரம்மா அவர் கழுத்திலிருந்த நீலக் காகிதத்தை அவிழ்த்து, எங்கே போடுவது என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் குப்பைக்கூடையைக் காட்டினார்.

அடுத்த மாதம் மெக்கானிக் தன் கருவிப் பெட்டியையும் இரண்டு பைகளையும் ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்குக் கொண்டுபோனார். சண்டையே வரவில்லை என்று சொல்ல முடியாது. போன் வந்தால் இப்போதும் எழுந்து போகிறவர்தான். ஆனால் வாசற்படியில் நின்று வாக்கியத்தை முடித்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார், மாட்டிக்கொண்டவர்கள் அதற்குள் கொஞ்சம் வேர்த்தாலும் பரவாயில்லை என்று. டாக்டர் தான் சொல்கிற பாடத்தில் ஒரே ஒரு வரியைத் திருத்தினார்: போனவர்கள் எல்லாரும் வருவார்கள், சிலருக்குக் கொஞ்சம் நேரமாகலாம். பேக்கரிக்காரருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது குப்புற விழுந்ததை முதலில் பார்த்தது ஆபரேட்டரம்மாதான், ஒரு மேல் பல் எடுத்த அன்று. வயதாக ஆக இருவருக்கும் பல் போவது அதிகமானது. இருவருமே வேறு இடத்துக்குப் போக முயற்சி செய்யவில்லை. ஒரே நாளில் நேரம் வாங்கிக்கொண்டு, கிளம்பும் முன் மாடி அறைக்குப் போன் செய்துவிட்டு வருவார்கள்.

குழந்தை நடக்க ஆரம்பித்ததும் அறை போதாமல் பேக்கரிக்காரர் குடும்பம் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனது. அறையைப் பார்க்க ஒரு தையல்காரரும் அவர் தம்பியும் வந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு விவரம் சொன்னார். தண்ணீர் காலையில் மட்டும் வரும், பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மாடிப்படி விளக்குக்கு சுவிட்ச் கீழே இருக்கிறது. எப்போதாவது வயதான புருஷனும் பொண்டாட்டியும் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், பல் டாக்டர் அனுப்புகிறவர்கள், தொந்தரவு இருக்காது. தையல்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, தண்ணீர் மேல்மாடி வரை ஏறுமா என்று மட்டும் விசாரித்தார்.